உறுப்பு மாற்றுச் சிகிச்சையில் உடல் வெப்பம்: மருத்துவமும் மொழியும்



இலக்கியமும் இலக்கணமும் கேட்டுப் பழகிய இந்த அவையில், அறுவைச் சிகிச்சைக் கூடத்தில் நோயாளியின் உடல் குளிர்ந்துவிடாமல் காப்பதைப் பற்றிப் பேச முற்படுவது சிலருக்கு வியப்பாக இருக்கலாம். அது மருத்துவர் பாடு, மொழிக் கழகத்திற்கு அங்கே என்ன வேலை என்று கேட்போரும் இருப்பர். வேலை இருக்கிறது. நோயாளி தம் வாயால் சொல்லும் ஒரு சொல்லே அச்சிகிச்சையின் ஒரு பகுதி என்று மருத்துவ நூலோரே எழுதி வைத்திருக்கின்றனர்.

நம் நாட்டில் இரத்தச் சுத்திகரிப்பை நம்பி உயிர்வாழ்வோர் ஐம்பதாயிரத்திற்கும் மேற்பட்டோர். புதிதாக அந்நிலைக்கு வருவோரில் பாதிக்கு மேற்பட்டோருக்கு நீரிழிவே காரணம். கரும்புத் தோட்டங்களும் பின்னர் ரப்பர்த் தோட்டங்களும் சூழ வளர்ந்த தென் செபராங் பிறையில், வாரத்திற்கு மூன்று முறை, முறைக்கு நான்கு மணி நேரம் இயந்திரத்தின் அருகே படுத்திருக்கும் உறவினர் ஒருவரேனும் இல்லாத குடும்பங்கள் குறைவு. மாற்றுச் சிறுநீரகம் கிடைக்கும் பேறு சிலருக்கே வாய்க்கிறது. மலேசியாவின் முதல் சிறுநீரக மாற்று அறுவை 1975இல் கோலாலம்பூர் மருத்துவமனையில் நடந்தது. இங்கிருந்து அவ்வூர் முந்நூறு கிலோமீட்டருக்கு மேல். அவ்வளவு தொலைவு சென்று, அறிமுகமில்லாத கூடத்தில், மெல்லிய அங்கி ஒன்றுடன் படுத்திருக்கும் தமிழ் மூதாட்டி ஒருவரை மனத்தில் வைத்துக்கொண்டு மேலே செல்வோம்.

முதலில் உடலின் கதை. நம் உடலின் உள்வெப்பம் ஏறத்தாழ 37 பாகை செல்சியஸ். மூளையின் அடிப்பகுதியில் உள்ள ஹைப்போதலாமஸ் என்னும் சிறு பகுதி அதைக் காவல் காக்கிறது. விழித்திருக்கும் மனிதரில் அக்காவல் மிகக் கண்டிப்பானது. உள்வெப்பம் ஒரு பாகையின் ஐந்தில் ஒரு பங்கு மாறினாலே வியர்வையோ நடுக்கமோ தோலின் இரத்தக் குழாய்ச் சுருக்கமோ தொடங்கிவிடும். முழு மயக்கம் கொடுத்தவுடன் இக்காவல் தளர்கிறது. இரண்டு முதல் நான்கு பாகை வரை வெப்பம் சரிந்தாலும் உடல் வாளாவிருக்கும். நடுங்கவும் இயலாது. தசைகளைத் தளர்த்தும் மருந்து அதையும் தடுத்துவிடுகிறது.

மயக்கம் கொடுத்த முதல் ஒரு மணி நேரத்தில் உள்வெப்பம் ஒரு பாகை முதல் ஒன்றரைப் பாகை வரை இறங்குகிறது. இதில் கவனிக்கத்தக்க செய்தி ஒன்று உண்டு. இந்த முதல் இறக்கத்தின் பெரும்பகுதி வெளியே போன வெப்பத்தால் நேர்வதன்று. நெஞ்சிலும் வயிற்றிலும் மூளையிலும் சேமிப்பாக இருந்த வெப்பம், விரிந்துவிட்ட இரத்தக் குழாய்கள் வழியே கை கால்களுக்குப் பாய்ந்து பரவிவிடுகிறது. வீட்டின் நடு அறையில் இருந்த வெப்பம் கதவுகளைத் திறந்தவுடன் தாழ்வாரத்திற்குப் பரவுவது போன்றது இது. ஆகவே முதல் மணி நேரத்தில் போர்வை போர்த்தினால் மட்டும் போதாது. கூடத்திற்குள் கொண்டு செல்வதற்கு முன்பே, அரை மணி நேரமேனும், கை கால்களைக் கதகதப்பாக்கிவிட்டால் உள்ளிருக்கும் வெப்பம் வெளிநோக்கிப் பாயும் வேகம் குறையும். முன்கூட்டியே வெப்பமூட்டல் என்னும் வழக்கத்தின் அடிப்படை இதுவே.

அதன் பிறகுதான் உண்மையான இழப்புத் தொடங்குகிறது. திறந்த வயிறு, குளிரூட்டப்பட்ட கூடத்தின் காற்று, தோலைக் கழுவும் நீர்மங்கள், நரம்பு வழியே இறங்கும் உப்புநீர் எனப் பல வழிகள். அறை வெப்பநிலையில் உள்ள உப்புநீர் ஒரு லிட்டரோ, குளிர்பெட்டியிலிருந்து நேரே எடுத்த இரத்தம் ஒரு பையோ ஏற்றினால், வளர்ந்த ஒருவரின் உடல் வெப்பம் ஏறத்தாழக் கால் பாகை குறையும். கணக்கு எளியது. நீண்ட கல்லீரல் அறுவையில் பத்துப் பைகள் ஏற்ற நேர்ந்தால் என்னவாகும் என்று நீங்களே கணக்கிட்டுப் பாருங்கள்.

வெப்பம் குறைந்தால் என்ன கேடு? இரத்தத்தை உறையச் செய்யும் நொதிகள் மந்தமாகின்றன. குருதித் தட்டுகள் ஒட்டிக்கொள்ளத் தயங்குகின்றன. மருந்துகள் உடலைவிட்டு நீங்கக் காலதாமதம் ஆகிறது. தோலின் இரத்தக் குழாய்கள் சுருங்குவதால் காயத்திற்குச் சேரும் உயிர்வளி குறைகிறது. 1996இல் வெளியான ஓர் ஆய்வு இதைத் தெளிவாகக் காட்டியது. பெருங்குடல் அறுவை செய்துகொண்ட 200 பேரில், உடல் குளிர விடப்பட்டோருக்கு நூற்றுக்கு 19 பேர் வீதம் காயத்தில் சீழ் பிடித்தது. கதகதப்பாக வைக்கப்பட்டோருக்கு நூற்றுக்கு 6 பேர் வீதமே. இரு பிரிவினரின் உள்வெப்ப வேறுபாடு இரண்டு பாகைக்கும் குறைவு. ஆயினும் எல்லை மீறிச் சொல்லலாகாது. 2022இல் ஐயாயிரத்திற்கும் மேற்பட்டோரிடம் நடந்த பேராய்வு ஒன்று, 35.5 பாகையில் வைப்பதற்கும் 37 பாகையில் வைப்பதற்கும் இதயப் பாதிப்பு முதலியவற்றில் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை என்று கண்டது. கடுங்குளிர்ச்சி தீங்கானது என்பதில் ஐயமில்லை. அரைப் பாகைக்காக அஞ்சி நடுங்க வேண்டியதில்லை என்பதே அவ்வாய்வின் பொருள் என்று நாம் கொள்கிறோம்.

இனி உறுப்பு மாற்றுக்கு வருவோம். பிற அறுவைகளில் குளிர் என்பது பகை மட்டுமே. இங்கோ அதே கூடத்தில், அதே நேரத்தில், குளிர் நட்பாகவும் இருக்கிறது. உடலிலிருந்து எடுத்த உறுப்பு பனிக்கட்டி சூழ்ந்த பெட்டியில், 4 பாகை அளவில், காப்புக் கரைசலில் மூழ்கி வருகிறது. குளிரில் அதன் பசி அடங்குகிறது. உயிர்வளி இல்லாமலும் சில மணி நேரம் அது பொறுத்திருக்கும். இதயம் நான்கு மணி நேர அளவே தாங்கும். கல்லீரல் ஏறத்தாழப் பன்னிரண்டு மணி நேரம், சிறுநீரகம் ஒரு நாளும் அதற்கு மேலும் தாங்கும். உறுப்பைக் குளிராகவும் அதைப் பெறுபவரைக் கதகதப்பாகவும் காக்க வேண்டும். இரண்டும் சந்திக்கும் கணமே ஆபத்தான கணம்.

கல்லீரல் மாற்றில் இதைக் கண்கூடாகக் காணலாம். ஓய்வில் இருக்கும் உடல் உண்டாக்கும் வெப்பத்தில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு கல்லீரலில் பிறக்கிறது. நோயுற்ற கல்லீரலை அகற்றியபின், புதியது பொருத்தப்படும் வரை, உடலுக்கு அந்த அடுப்பு இல்லை. பிறகு ஒன்றரைக் கிலோ எடையுள்ள, பனியில் கிடந்த புதிய உறுப்புக்குள் இரத்தம் பாய்கிறது. அங்கிருந்து திரும்பும் குளிர்ந்த இரத்தம் நேரே இதயத்தை அடைகிறது. காப்புக் கரைசலில் மிகுதியாக உள்ள பொட்டாசியமும் உடன் வருகிறது. அந்தச் சில நிமிடங்களில் இதயத் துடிப்புத் தடுமாறலாம், இரத்த அழுத்தம் சரியலாம். முன்னரே குளிர்ந்துபோன உடல் இந்த அதிர்ச்சியைத் தாங்குவது கடினம். ஆகவேதான் இரத்தம் திறந்துவிடுவதற்கு முந்திய மணி நேரமெல்லாம் மயக்கவியல் மருத்துவர் வெப்பமானியை விட்டுக் கண்ணெடுப்பதில்லை. உணவுக்குழாய்க்குள் இறக்கிய மெல்லிய கம்பி அவருக்கு உள்வெப்பத்தைச் சொல்லிக்கொண்டே இருக்கும்.

கதகதப்பூட்டும் கருவிகள் எளியவை. வெந்நீர் ஓடும் மெத்தைகள் உண்டு. இரத்தத்தையும் உப்புநீரையும் வழியிலேயே சூடாக்கி அனுப்பும் குழாய்கள் உண்டு. 1980களின் பிற்பகுதியில் அமெரிக்காவில் வந்த காற்றுப் போர்வையே எல்லாவற்றினும் பரவலானது. காகிதம் போன்ற இரட்டைப் போர்வைக்குள் வெப்பக் காற்றைச் செலுத்த, நுண்துளைகள் வழியே அது உடலைத் தழுவும். பருத்திப் போர்வை ஒன்று போர்த்தினால் தோல்வழி இழப்பில் மூன்றில் ஒரு பங்கு அளவே குறையும். மேலும் இரண்டு அடுக்கினாலும் பெரிதாகக் கூடுவதில்லை. போர்வை வெப்பத்தைக் காக்குமே அன்றி உண்டாக்காது. மயக்கத்தில் கிடக்கும் உடல் உண்டாக்குவதோ குறைவு. பாசத்தால் ஐந்து போர்வை போர்த்தும் நம் பாட்டிமார் இதைக் கேட்டால் ஒப்புக்கொள்ளமாட்டார்கள்.

இனி மொழிக்கு வருவோம். இங்கிலாந்தின் தேசிய மருத்துவ வழிகாட்டு நிறுவனம் 2008இல் இப்பொருள் பற்றி ஒரு நெறி வெளியிட்டது. உள்வெப்பம் 36 பாகைக்குக் குறைந்தால் அவசரமல்லாத அறுவையைத் தொடங்கலாகாது என்பது அதன் புகழ்பெற்ற பகுதி. நம் கண்ணில் பட்டது வேறொரு பகுதி. மருத்துவமனை வீட்டைவிடக் குளிராக இருக்கும் என்பதை நோயாளிக்கு முன்னரே சொல்லவேண்டும், கம்பளி உடை கொண்டுவரச் சொல்லவேண்டும், எந்நேரத்திலும் குளிர்ந்தால் உடனே தாதியரிடம் சொல்லுமாறு கேட்டுக்கொள்ளவேண்டும் என்கிறது அது. 'குளிர்கிறது' என்ற ஒற்றைச் சொல்லை மருத்துவம் நோயாளியிடம் எதிர்பார்க்கிறது. நம் மூதாட்டி அதைச் சொல்வாரா? தோட்டத்தில் வாழ்ந்த தலைமுறைக்கு மலாய்மொழி வரும். 'செஜுக்' என்று தாதி கேட்டால் பொருள் விளங்கும். விளங்கினாலும், 'பரவாயில்லை அம்மா' என்றே விடை வரும். பிறருக்குத் தொல்லை தரலாகாது என்ற பண்பு அது. தமக்குக் குளிர்வதைச் சொல்வது தொல்லை கொடுப்பதன்று, மருத்துவருக்குச் செய்யும் உதவி என்பதை அவருக்கு அவர் மொழியில் முன்கூட்டியே யாராவது சொல்லியிருக்க வேண்டும்.

இரண்டாவது இடர்ப்பாடு 'சூடு' என்ற சொல்லில் இருக்கிறது. தமிழில் உடற்சூடு நல்ல பொருளில் வருவதே அரிது. 'உடம்பு சூடு' என்றால் நோய். சூடு தணிய எண்ணெய் முழுக்கும் இளநீரும் மோரும் வேண்டும். இந்நாட்டில் மலாய்க்காரரும் சீனரும் உணவையும் உடலையும் சூடு, குளிர்ச்சி என்றே பகுத்துப் பேசுவதால், நம் நினைப்பு மேலும் உறுதிப்படுகிறது. 'சூடு வைத்தல்' என்பதோ பழுக்கக் காய்ச்சிய இரும்பால் தோலில் சுடுவது. முன்னாளில் குழந்தைகளின் வலிப்புக்கும் மஞ்சள்காமாலைக்கும் அக்கொடுமையைச் செய்தனர். நல்லெண்ணத்தோடு மொழிபெயர்ப்பவர் ஒருவர், 'அறுவையின்போது உங்களுக்குச் சூடு வைப்பார்கள்' என்று சொல்லிவிட்டால் அந்த மூதாட்டி அன்றே பேருந்து ஏறி ஊர் திரும்பிவிடுவார்.

அகராதிகள் 'தாழ்வெப்பநிலை' என்று தருகின்றன. பாடநூலுக்கு அது பொருந்தும். கட்டிலருகே அது பயன்படாது. வானிலை அறிக்கையைக் கேட்பது போன்ற உணர்வையே அது தரும். 'உடல் உள்வெப்பம் குறைதல்' என்று விரித்துச் சொல்வதே நலம். சூடேற்றுதல் என்பதற்கு மாற்றாக நம்மிடமே அருமையான சொற்கள் கிடக்கின்றன. வெதுவெதுப்பு, இளஞ்சூடு, கதகதப்பு. இவற்றுள் 'கதகதப்பு' என்பதையே நாம் பரிந்துரைக்கிறோம். தாயின் மடியையும் மழைநாள் போர்வையையும் நினைவூட்டும் சொல் அது. அதில் நோயின் நிழல் இல்லை. பேச்சுவழக்குச் சொல்லை மருத்துவத்தில் புகுத்தலாமா என்று புலவர் சிலர் முகம் சுளிக்கக்கூடும். 1847இல் யாழ்ப்பாணம் வந்து மானிப்பாயில் மருத்துவப் பள்ளி நடத்திய சாமுவேல் பிஸ்க் கிறீன் அமெரிக்கர். அவர் தமிழ் கற்று, தமிழிலேயே மருத்துவம் பயிற்றுவித்து, மருத்துவ நூல்களைத் தமிழில் வெளியிட்டார். வேற்றுநாட்டார் ஒருவர் அத்தனை பாடுபட்ட பிறகு, நமக்கு ஒரு சொல்லைக் கட்டிலருகே கொண்டுசெல்லத் தயக்கம் எதற்கு?

நடுக்கமும் இவ்வாறே பிழையாக விளங்கிக்கொள்ளப்படுகிறது. மயக்கம் தெளியும்போது பலருக்கு உடல் உதறும். தளர்ந்திருந்த காவல் விழித்துக்கொண்டு, இழந்த வெப்பத்தைத் தசைகளால் மீட்க முயல்கிறது. நம்மவர்க்கோ உதறல் என்றால் குளிர்காய்ச்சல். மலேரியா மலிந்த தோட்டங்களின் நினைவு அச்சொல்லில் உறைந்திருக்கிறது. 'அறுவை முடிந்ததும் காய்ச்சல் வந்துவிட்டதே' என்று உறவினர் கலங்குவது இதனால்தான். காய்ச்சலில் உடல் தன் வெப்ப அளவையே உயர்த்திக்கொள்கிறது. இங்கே அளவு மாறவில்லை, வெப்பம்தான் குறைந்திருக்கிறது. வெளித்தோற்றம் ஒன்று, உள்நிகழ்வு வேறு.

இவையெல்லாம் பெறுபவரைப் பற்றியவை. கொடுப்பவரைப் பற்றிச் சொல்லாமல் இப்பொருள் முழுமையாகாது. இங்கேதான் மொழி மிகக் கடுமையான சோதனைக்கு உள்ளாகிறது.

தமிழில் சாவும் குளிரும் ஒன்று. 'உடல் சில்லிட்டுவிட்டது' என்றால் மேலும் விளக்கம் தேவையில்லை. மூளைச்சாவு அடைந்தவரின் கையைத் தாய் தொட்டுப் பார்க்கிறார். கை கதகதப்பாக இருக்கிறது. நெஞ்சு ஏறி இறங்குகிறது. மருத்துவர் இறந்துவிட்டார் என்கிறார். மொழி இறக்கவில்லை என்கிறது. உறுப்புக் கொடை பற்றிய உரையாடல் பல வீடுகளில் இந்த இடத்திலேயே முறிந்துவிடுகிறது. அறியாமை என்று அதைப் பழித்தல் தகாது. தலைமுறை தலைமுறையாகச் சாவை அறிந்துகொள்ள நம் மொழி கற்பித்த அடையாளத்தையே அத்தாய் தேடுகிறார்.

அவருக்குச் சொல்லவேண்டியது இது. மூளை இறந்தால் ஹைப்போதலாமசும் இறக்கிறது. வெப்பத்தைக் காக்கும் காவல் முற்றும் நீங்கிவிடுகிறது. அவ்வுடல் தானாகக் கதகதப்பாக இருப்பதில்லை. அப்படியே விட்டால் அறையின் குளிருக்கேற்பக் குளிர்ந்துகொண்டே போகும். நீங்கள் தொட்டுணரும் கதகதப்பைக் காற்றுப் போர்வையும் சூடாக்கிய நீர்மங்களும் சுவாச இயந்திரமும் தருகின்றன. ஏன் தரவேண்டும்? மூளைச்சாவை உறுதிசெய்யும் சோதனைக்கே கதகதப்பு தேவை. கடுங்குளிரில் உறைந்த மூளை இறந்த மூளையைப் போலவே அசைவற்றிருக்கும். அந்தப் பிழை நேராதிருக்க, உள்வெப்பம் 36 பாகையேனும் இருக்கவேண்டும் என்று 2020இல் உலக அளவிலான வல்லுநர் குழு பரிந்துரைத்தது. ஆக, சோதனைக்குமுன் உடலைக் கதகதப்பாக்குவது உயிரின்மேல் கொண்ட மதிப்பால். சாவை அவசரப்பட்டு அறிவிக்காதிருக்கவே அந்தப் போர்வை. இதைச் சொன்னால் விளங்கிக்கொள்ளாத தாய் இருப்பாரென்று நாம் நினைக்கவில்லை. இது சொல்லப்படுவதே அரிதாக இருக்கிறது.

சோதனை முடிந்து குடும்பமும் இசைந்தபின் நிலைமை மாறக்கூடும். 2015இல் வெளிவந்த அமெரிக்க ஆய்வொன்றில், மூளைச்சாவு அடைந்த கொடையாளர்களில் ஒரு பிரிவினரை 34 முதல் 35 பாகை வரையிலும் மறுபிரிவினரை வழக்கமான வெப்பத்திலும் வைத்திருந்தனர். குளிர்ந்த பிரிவினரின் சிறுநீரகம் பெற்றோரில் நூற்றுக்கு 28 பேருக்கே முதல் வாரத்தில் மீண்டும் இரத்தச் சுத்திகரிப்புத் தேவைப்பட்டது. மற்றவரில் நூற்றுக்கு 39 பேருக்குத் தேவைப்பட்டது. எட்டாண்டுகள் கழிந்து வந்த மற்றோர் ஆய்வு, எடுத்த சிறுநீரகத்தை இயந்திரத்தில் இணைத்துக் குளிர்நீர்மம் ஓடச் செய்வது அதனினும் சிறந்தது என்று கண்டது.

தமிழகத்தின் பட்டறிவு நமக்கு இங்கே துணையாகும். இந்தியாவில் வெற்றிபெற்ற முதல் சிறுநீரக மாற்று 1971இல் வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரியில் நடந்தது. ஆயினும் இறந்தோரின் உறுப்புக் கொடை பொதுமக்கள் மனத்தில் இடம்பிடித்தது 2008 செப்டம்பரில்தான். விபத்தில் மூளைச்சாவு அடைந்த தம் மகனின் உறுப்புகளைக் கொடுக்கத் திருக்கழுக்குன்றத்து மருத்துவத் தம்பதியர் இசைந்தனர். இதயம் சென்னை நகரத் தெருக்கள் வழியே முகப்பேருக்குப் பதினொரு நிமிடத்தில் சென்றது. நாளிதழ்கள் அந்த வேகத்தையே பாடின. நாம் வியப்பது வேறொன்றை. அப்பெற்றோர் மருத்துவர்கள். மகனின் கை ஏன் கதகதப்பாக இருக்கிறது என்பதை அவர்களுக்கு யாரும் மொழிபெயர்க்க வேண்டியிருக்கவில்லை. மற்றப் பெற்றோருக்கு அது தேவை. நம் நாட்டில் 1974ஆம் ஆண்டின் மனிதத் திசுக்கள் சட்டம் நடைமுறையில் இருக்கிறது. ஒருவர் தம் வாழ்நாளில் உறுதிமொழி அளித்திருந்தாலும், குடும்பத்தாரிடம் மருத்துவர் பேசியே முடிவு காண்பர். பேச்சுத்தான் தீர்மானிக்கிறது.

ஆதலின் இக்கழகம் ஒரு சிறு வேலையை மேற்கொள்ளலாம் என்று முன்மொழிகிறோம். தமிழாசிரியர்களும் ஓய்வுபெற்ற தாதியரும் சேர்ந்து, கையடக்க அட்டை ஒன்றில் சில வாக்கியங்களை எழுதி, மலாய்மொழியும் உடன் அமைய, மயக்கவியல் மருத்துவர் ஒருவரிடம் காட்டித் திருத்தி அச்சிடலாம். பெரிய கலைச்சொல்லாக்கக் குழுவெல்லாம் வேண்டா. நாம் எழுதிப் பார்த்த வாக்கியங்களை வாசிக்கிறோம். குறைகளை அவையோர் இப்போதே சொல்லலாம்.

"அம்மா, அறுவைக் கூடம் குளிராக இருக்கும். உங்களுக்குக் குளிர்ந்தால் உடனே சொல்லுங்கள். அது தொல்லை இல்லை. எங்களுக்கு அது தெரியவேண்டும்."

"ஐயா, மயக்கத்தில் உங்கள் உடலுக்குத் தன் வெப்பத்தைக் காத்துக்கொள்ள முடியாது. அதனால் இளஞ்சூட்டுக் காற்று வரும் போர்வையால் உங்களைக் கதகதப்பாக வைத்திருப்போம்."

"கண் விழித்ததும் உடல் உதறலாம். அது காய்ச்சல் இல்லை. உடல் தன்னைக் கதகதப்பாக்கிக்கொள்கிறது."

நான்காவது வாக்கியம், மகனின் கையைப் பற்றிக்கொண்டிருக்கும் தாய்க்கு உரியது. அதை மட்டும் நம்மால் இன்னும் எழுதி முடிக்க இயலவில்லை. 'இந்தக் கதகதப்பு இயந்திரமும் போர்வையும் தருவது, அம்மா' என்று தொடங்கி நிறுத்தி வைத்திருக்கிறோம்.